மிஸ்டு கால் போதும்

கிஸ்லான் கண்ணு,

தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். ஹரீரா சூப் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக் குடி. பதூல் சித்தி நீ பிரான்ஸுக்குக் கொண்டுபோகப் பேரீச்சம்பழ பிஸ்கட் எடுத்துட்டு வருவா. பெட்டியில இடமில்லைன்னு மூஞ்சியைக் காட்டாதே.

நேத்து கத்திட்டேன். "பிரான்ஸ் சிம்முக்கு நெட் மட்டும் போதும்மா, மொராக்கோவுக்குப் பேசுற பிளான் வேண்டாம்"னு நீ சொன்னதும் கோவம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. என் பட்டன் போன்ல நெட் எங்கடி இருக்கு?

சரி, உன் இஷ்டப்படியே எடு. தினமும் ஒரு மிஸ்டு கால் மட்டும் விடு, நான் எடுக்கலைன்னா உனக்குக் காசு போகாது. ஒரு ரிங்னா சாப்பிட்டேன்னு, ரெண்டு ரிங்னா வீட்டு நெனப்பு வந்துடுச்சுன்னு புரிஞ்சுக்குவேன்.

அம்மா

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு ஸொஹ்ராகிட்ட குடு.

இன்னொண்ணு: மூணாவது ரிங்குக்கு முன்னாடி கட் பண்ணிடு. அதுக்கு மேல என்னால எடுக்காம இருக்க முடியாது.