காது குத்து வாசலில் நின்ற நீர்மூழ்கி

சோழவந்தான்,
புரட்டாசி 5

அன்பு மகன் ராம்கிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அக்கா, பேத்தி எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த வெளிநாட்டுக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன், கோபம் வேறு, கும்பிடுவது வேறு. போனில் பேசினால் சிக்னல் இல்லை என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இதை முழுதும் படி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா சுபலட்சுமி மகள் பவதாரிணிக்குக் கே.கே. நகர் மண்டபத்தில் காது குத்து. உனக்காகவே இரண்டு முறை தள்ளிப்போட்ட தேதி அது. சனிக்கிழமை ராத்திரி விமானத்தில் வந்து நேரே மண்டபத்துக்கு வந்துவிடுவாய் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய், தாய்மாமனுக்கென்று ரோஜா மாலையை நானே பார்த்து வாங்கினேன், உதிர்ந்த பூ இருந்த மாலையைத் திருப்பிக் கொடுத்து வேறு கட்டச் சொல்லி வாங்கினேன். அந்த மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினால், வாசலில் நீ நிற்கிறாய், ஃபிளெக்ஸில். கறுப்புக் கண்ணாடி போட்டு ஆள் உயரத்துக்கு மேல் உன் முகம், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல், அதன் கோபுரத்தில் ஒரு சிலுவை, 'ஆழ்கடலின் அரசனே, தாய்மாமனே, வருக வருக' என்று எழுத்து. வராதவனுக்கு வரவேற்பு. நீ வரவில்லை என்பது உன் அம்மாவுக்குத் தெரியும், உன் மாமன் வெள்ளைத்துரைக்குத் தெரியும், எனக்கு மட்டும் வாசலில்தான் தெரிந்தது. படம் நீயே அனுப்பியதாம். என்னிடம் கப்பல் கம்பெனி என்று சொன்னவன், மாமனிடம் நீர்மூழ்கி கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். கேட்டால் அப்பா பயந்துவிடுவார் என்றாயாம். உனக்கு நீச்சல் பழக்க வைகையில் தள்ளிவிட்டவன் நான், எனக்கா பயம்?

பந்தியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து வீட்டு அழகுமலை, "மாப்ள இன்னும் தண்ணிக்குள்ளயா இருக்காரு, கறிச்சோத்துக்காச்சும் மேல வருவாரா" என்று கேட்கிறான், மண்டபமே சிரிக்கிறது. பட்டாளத்தில் இருந்து வந்த சோணை என் காதுக்குள், "அண்ணே, இது செர்மன்காரன் மொத யுத்தத்துல விட்ட படகுல்ல, எம்புட்டுச் சனத்தக் கொன்னது, இத எதுக்குண்ணே விசேச வீட்ல வச்சீக" என்றான். அதற்குள் வெள்ளைத்துரை என் கையிலிருந்த மாலையை வாங்கி ஃபிளெக்ஸில் உன் கழுத்துக்கு நேராக மாட்டிவிட்டு, குழந்தையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, போனில் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நீ வேலை பார்க்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்களாம், நீ எடுக்கவில்லை. ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். வெள்ளைத்துரை உனக்குத் தாய்மாமன், அவளுக்கு இல்லை, அவள் தாய்மாமன் மடி வரட்டும் என்று சொல்லி ஆசாரியை அனுப்பிவிட்டேன். நீ கொடுத்துவிட்ட தோடு டப்பாவை விட்டு வெளியே வரவில்லை. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளை வெறுங்காதோடு வீடு திரும்பியது. உன் அக்கா அழுதாள். "இம்புட்டு வீம்பு ஆகாதுப்பா" என்றாள். உன் அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். நான் செய்தது சரிதான். இப்போது கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

சோணை சொன்னதை நான் அப்படியே விட்டுவிடவில்லை. வாசகசாலையிலும் போனிலும் தேடித் தேடி அந்தப் படகைப் பற்றிப் படித்தேன். யு-ஒன்பது என்று அதற்குப் பெயர். டான்சிக் என்ற செர்மன் துறைமுகத்தில் கட்டி 1910இல் சேவைக்கு வந்தது. மண்ணெண்ணெய் எஞ்சின், ஓடினால் வெள்ளைப் புகை தூரத்துக்குத் தெரியும், ஒளிந்து போவதற்கென்றே கட்டிய படகுக்கு இந்தக் கதி. மூழ்குவதற்கு முன்னால் புகைக்குழாயை மடக்கி வைத்துவிட்டு, உள்ளே பேட்டரியில் மெதுவாக நகர வேண்டும். குண்டு விடுவதற்கு முன்னால் இரண்டு குழாய், பின்னால் இரண்டு, தண்ணீருக்குள்ளேயே ஓடிப்போய் வெடிக்கும் டார்பிடோ குண்டு மொத்தம் ஆறு. ஒரு குண்டு போனதும் எடை மாறி மூக்கு மேலே தூக்கிவிடும், அதனால் ஆட்கள் உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடி, தங்கள் உடம்பையே எடைக்கல்லாக வைத்துச் சமன் செய்திருக்கிறார்கள். கட்டியவன் கெட்டிக்காரன், ஒத்துக்கொள்கிறேன். 1914 செப்டம்பரில் ஒரு காலையில் இங்கிலீஷ் வெள்ளைக்காரனின் மூன்று போர்க்கப்பல்களை இந்த ஒரு படகு முடித்தது. முதல் கப்பல் அடிபட்டதும், கண்ணிவெடி என்று நினைத்து மற்ற இரண்டும் தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்க நின்றன. நின்றதால் இரண்டாவதும் போனது, மூன்றாவதும் போனது. ஆயிரத்து நானூறு பேருக்கு மேல், பள்ளிக்கூடம் முடிக்காத பையன்களும் அதில் உண்டு. அதற்குத்தான் அந்தச் சிலுவை, செர்மன் ராசா கொடுத்த விருது. பிறகு இன்னொரு கப்பலையும் முடித்தது. கடைசியில் பயிற்சிக்கு வைத்திருந்து, யுத்தத்தில் தோற்றதும் இங்கிலீஷ்காரனிடம் ஒப்படைத்து, உடைத்துப் பழைய இரும்பானது.

இதை வெள்ளைத்துரையிடம் சொன்னால், "நிக்காமப் போயிருந்தா பொழச்சிருப்பாங்கெ, கூறு கெட்டவங்கெ மச்சான்" என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஆள் தண்ணீரில் கிடக்கும்போது நிற்காமல் போனவன் பிழைத்து என்ன செய்யப் போகிறான்? அந்தப் படகில் விழுந்தவன் ஒருவனையாவது ஏற்ற இடம் உண்டா? கிடையாது. அப்படித்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். நீ அங்கே எந்தப் படகை வேண்டுமானாலும் கட்டு, அது உன் பிழைப்பு, நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய இடத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஃபிளெக்ஸைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அழகுமலை வீட்டு ஆட்டுக் கொட்டகை ஒழுகியது, அதன் மேல் கவிழ்த்துப் போட்டாயிற்று. உன் முகம் உள்பக்கம், ஆடுகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கொடிக்காலில் இந்த வருசம் வெற்றிலை பரவாயில்லை. குளிருக்குத் தொண்டையை மூடிக்கொள், தலைக்கு எண்ணெய் வை, பச்சைத் தண்ணீரில் குளிக்காதே.

பவதாரிணிக்குக் கார்த்திகையில் மூன்று வயது முடிந்து நாலு நடக்க ஆரம்பிக்கிறது. இரட்டைப்படை வயதில் நம் வீட்டில் காது குத்துவதில்லை, விட்டால் ஐந்தில்தான். அப்போது நான் இருப்பேனோ என்று கெஞ்சப் போவதில்லை, இருப்பேன், இருந்து உன்னைக் கேட்பேன். ஐப்பசிக் கடைசி ஞாயிறு என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். மண்டபம் கிடையாது, ஃபிளெக்ஸ் கிடையாது, போன் கிடையாது. நம் வீட்டுக் கூடத்தில் ஒரு பாய், அதில் உன் மடி. மீனாட்சி துணையிருப்பாள், நீயும் உன் கையில் இருக்கும் வேலையும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நான் சொல்வது ஞாபகமிருக்கட்டும், நீ வராவிட்டால் அந்தப் பிள்ளை வெறுங்காதோடுதான் பள்ளிக்கூடம் போகும். ஏன் தோடு போடவில்லை என்று யார் கேட்டாலும், எங்க மாமா இன்னும் தண்ணிக்குள்ள இருக்காரு என்று அவளே சொல்லுவாள். சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அப்பா
முத்திருளன்