நட்டாலத்துச் சந்தனம்

5 ஜனவரி 2026, திங்கள்

பேச்சிப்பாறை 42 அடி. பெருஞ்சாணி 66.

முப்பது வருஷம் நீர்ப்பாசன ஆபீஸில் குமாஸ்தாவாக உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். சொந்த டைரியிலும் முதல் வரி அணையின் நீர்மட்டம்தான்.

இன்று லீவு போட்டு உலகம்மையை நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போனேன். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்ததன் ரிசல்ட் வந்துவிட்டது. புற்றுதான். இடது மார்பில் சின்னக் கட்டி, ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, இந்த மாதமே ஆபரேஷன் செய்துகொண்டால் பயமில்லை என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். உலகம்மை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "கத்தி எல்லாம் வேண்டாம் டாக்டர். எங்க வீட்டுல சிவாலய ஓட்டம் ஓடி முடிச்ச ஆளு இருக்காரு. மகாதேவர் பாத்துக்கிடுவாரு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

6 ஜனவரி, செவ்வாய்

எழுதிவிடலாம். வேறு யாரிடம் சொல்ல?

மூன்று வருஷத்துக்கு முன்னால் பத்மகுமார் பைக்கிலிருந்து விழுந்து பதினோரு நாள் ஐசியூவில் கிடந்தான். மகன் கண் திறந்தால் அவன் அப்பா சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயிலும் ஓடுவார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இவள் நேர்ந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேர்ந்தது அவள், ஓட வேண்டியது நான். மகன் கண் திறந்தான். இப்போது மஸ்கட்டில் வேலை பார்க்கிறான், நன்றாக இருக்கிறான்.

நான் போனேன். மஞ்சள் வேட்டி, கையில் விசிறி, வெறுங்கால். முஞ்சிறை திருமலையில் தொடங்கி நட்டாலம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். வாயில் கோவிந்தா கோபாலா. நாலாவது கோயிலான திருநந்திக்கரை வரை ஓடினேன். அங்கிருந்து பொன்மனைக்குப் போகும் ரப்பர் தோட்டத்து ரோட்டில் வலது முட்டி வீங்கி உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஜீப் வந்தது. ஏறினேன். நடுவில் உள்ள ஏழு கோயிலையும் விட்டுவிட்டு நேரே நட்டாலத்தில் இறங்கிக் கும்பிட்டேன். சந்தனம் வாங்கி வாழையிலையில் மடித்து வீட்டுக்கு வந்தேன்.

"முடிச்சாச்சா?" என்று கேட்டாள். முடிச்சாச்சு என்றேன். வெந்நீர் வைத்து என் காலைக் கழுவினாள். காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் தடுக்கவில்லை.

8 ஜனவரி, வியாழன்

பத்மகுமார் விட்டுப்போன கியர் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் போட்டேன். ஓட முடியாது. சைக்கிள் மிதிக்கலாம் என்று முட்டி டாக்டரே சொல்லியிருக்கிறார். விட்ட ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டால் அவள் சொன்னது பொய்யாகாது அல்லவா?

என்ன புத்தியோ இது. இருந்தாலும் போகிறேன்.

11 ஜனவரி, ஞாயிறு

பெருஞ்சாணி 65.

வெளுக்கும்போது எங்கள் ஊர் திட்டுவிளையிலிருந்து கிளம்பினேன். உடம்பு குறைக்க சைக்கிள் ஓட்டுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். இது இரண்டாவது பொய். அருமநல்லூர் தாண்டியதும் வயல் முடிந்துவிடுகிறது. பிறகு ரப்பர், இடையிடையே தேக்கு, ரோட்டில் ஒரு ஆள் கிடையாது. மேட்டில் இறங்கித் தள்ளினேன். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தேன். ஐம்பத்துநாலு வயதில் எதற்கடா இந்தக் கூத்து என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டேன்.

பெருஞ்சாணி அணை மேல் மூடுபனி. இத்தனை வருஷம் இந்தத் தண்ணீரை ரிஜிஸ்டரில்தான் எழுதியிருக்கிறேன். காலை நேரத்தில் கரையில் நின்று பார்த்ததில்லை. மலை முழுக்கத் தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடக்கிறது. ஒரு முக்குளிப்பான் பறவை முங்கிப் போனது. எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டு நின்றதில் பத்து நிமிஷம் உலகம்மையை மறந்துவிட்டேன். ஞாபகம் வந்ததும் என் மேலேயே வெறுப்பு வந்தது.

பொன்மனை கோயிலில் கூட்டமில்லை. கும்பிட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூணு வருசம் பிந்தி வந்திருக்கேன் என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும்போது டீக்கடையில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜையன். ரப்பர் ஷீட் ஏற்றுகிற ஜீப் அவருடையது. "அன்னைக்கு நம்ம ஜீப்புல ஏறின ஓட்டக்காரர்லா நீங்க?" என்று கேட்டார். இல்லை, ஆள் மாறிப்போச்சு என்றேன். அவர் சிரித்துவிட்டு, "முட்டி சரியாச்சா?" என்றார்.

டீக்குக் காசை அவரே கொடுத்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

13 ஜனவரி, செவ்வாய்

தொடை வலி. ஆபீஸில் படி ஏற முடியவில்லை.

15 ஜனவரி, வியாழன்

பொங்கல். பால் கிழக்கே பொங்கிச் சரிந்தது. நல்ல சகுனம், பாத்தியளா என்றாள். ஆமாம் என்றேன். எதற்கெடுத்தாலும் ஆமாம்.

17 ஜனவரி, சனி

பத்மகுமார் போன் பண்ணினான். டாக்டர் அவனிடமும் பேசியிருக்கிறார், தள்ளிப்போட வேண்டாம் என்று. இவளோ அவனிடமும் அதே பாட்டுதான். கடைசியில் அவன் என்னிடம் சொன்னான்: "அம்மைட்ட நீங்கதான் சொல்லணும்பா. ஓடின ஆளு சொன்னா கேப்பா."

போனை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

18 ஜனவரி, ஞாயிறு

பேச்சிப்பாறை 41.

இன்று பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு மூன்றும் பார்ப்பதாகத் திட்டம். போகவில்லை. குலசேகரம் வந்ததும் சைக்கிள் பேச்சிப்பாறை ரோட்டில் திரும்பிவிட்டது. திருப்பியது நான்தான், சைக்கிள் என்ன செய்யும்.

அணை தாண்டி, நீர்ப்பரப்பை ஒட்டிக் கோதையார் பக்கம் போகிற ரோடு. ஒரு பஸ் போனது, அப்புறம் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. ரப்பர் மரங்களில் பால் சிரட்டைகள். பால் வெட்டி முடித்த ஆட்கள் கரையேறிப் போய்விட்டார்கள். மரத்துக்கு மரம் சொட்டிக்கொண்டிருக்கிறது, சத்தமே இல்லை. செயின் ஓடும் சத்தம் மட்டும். இந்த ரோட்டில் முட்டி வலிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஏரியைப் பார்த்த ஒரு பாறையில் உட்கார்ந்து அவள் கட்டித் தந்த இட்லியைத் தின்றேன். நாலு இட்லிதான் கேட்டிருந்தேன். ஆறு இருந்தது.

அங்கே உட்கார்ந்து யோசித்தேன். நான் ஏழு கோயில் என்ன, எழுபது கோயில் சுற்றினாலும் அவள் ஆபரேஷனுக்கு வரப்போவதில்லை. நான் சுற்றச் சுற்ற அவளுக்குத் தைரியம்தான் கூடும். யாருக்காக மிதிக்கிறேன்? என் மனசு ஆறட்டும் என்றுதானே. அவள் கட்டி அங்கே இருக்கிறது, நான் இங்கே தண்ணீர் பார்க்கிறேன்.

வீட்டுக்குத் திரும்ப மதியம் இரண்டு ஆகிவிட்டது. வெயிலில் கறுத்துப் போனியளே என்றாள்.

20 ஜனவரி, செவ்வாய்

காலையில் குளித்துவிட்டு வந்தவன் கதவைத் தட்டாமல் அறைக்குள் போய்விட்டேன். உலகம்மை அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் குங்குமச் சிமிழ். அதற்குள் காய்ந்து கட்டியான சந்தனம். விரலில் தண்ணீர் தொட்டுக் குழைத்து, மார்பில் கட்டி இருக்கிற இடத்தில் பூசிக்கொண்டிருந்தாள்.

"நட்டாலத்துச் சந்தனம். நீங்க ஓடி வாங்கிட்டு வந்ததுல்லா. கட்டி கொஞ்சம் அமுங்கின மாதிரி இருக்கு" என்றாள்.

 சட்டையைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். மூணு வருசமா வச்சிருக்கா. ஜீப்புல போய் வாங்கின சந்தனத்த. என்ன மனுசன் நான். தூ.

22 ஜனவரி, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ஆபீஸ் போகிற நேரம். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். நாலு கோயில்தான் ஓடினேன், ஜீப்பில் ஏறி நட்டாலம் போனேன், இந்தச் சைக்கிளும் அதற்காகத்தான். எல்லாம் சொன்னேன். துருவுகிற கை நின்றது. அப்புறம் மீதித் தேங்காயையும் முழுக்கத் துருவி முடித்தாள். சிரட்டை தெரியும்வரை துருவினாள்.

"அப்போ மூணு வருசமா நான் என்னத்தையாக்கும் நம்பிக்கிட்டு இருந்தேன்?"

  உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். சோற்றுப் பாத்திரத்தை எடுத்து என் கையில் தந்தாள். ஆபீசுக்கு நேரமாச்சு என்றாள்.

23 ஜனவரி, வெள்ளி

பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள். சிமிழை அலமாரியில் காணோம்.

24 ஜனவரி, சனி

பேசவில்லை.

கட்டி வந்ததே நான் ஏமாற்றினதால்தான் என்று நினைக்கிறாளோ? கேட்கத் தைரியம் இல்லை. எனக்கே சில சமயம் அப்படித் தோன்றுகிறது. டாக்டரம்மா சொன்னது நினைவிருக்கிறது, யார் செய்ததாலும் வருவதில்லை என்று. நினைவிருந்து என்ன?

25 ஜனவரி, ஞாயிறு

சைக்கிளை எடுக்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். உலகம்மை வந்து எதிரில் நின்றாள்.

"டாக்டரம்மாட்ட தேதி கேளுங்க. மகாதேவர் பாத்துக்கிடுவாருன்னு இருந்தேன். இனி எந்த தைரியத்துல நான் சும்மா இருக்க?"

உடனே போனை எடுத்தேன். அவசரத்தில் நம்பர் தப்பிப் போனது. அவளே வாங்கி அழுத்தித் தந்தாள்.

போகும்போது நின்று, திரும்பாமல் சொன்னாள்: "சிவராத்திரி அடுத்த மாசம் பதினஞ்சு. ஒண்ணாவது கோயில்ல இருந்து தொடங்கணும். சைக்கிள்ல போங்க, அந்த முட்டிய வச்சு ஓட வேண்டாம். ஆனா எதுலயும் ஏறப்பிடாது. பன்னெண்டு கோயில் திருநீறும் தனித்தனிப் பொட்டலமா எனக்கு வேணும்."

4 பிப்ரவரி, புதன்

ஆபரேஷன் முடிந்தது. மூன்று மணி நேரம். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை. அதற்கு எனக்கு அருகதை இல்லை.

5 பிப்ரவரி, வியாழன்

கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். என்னைப் பார்த்தாள், ஆனால் கேட்டது நர்ஸிடம்.

10 பிப்ரவரி, செவ்வாய்

வீட்டுக்கு வந்தோம். அவள் தங்கை அன்னக்கிளி வந்து கூட இருக்கிறாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ரிப்போர்ட் வந்தது. பரவவில்லையாம். இருந்தாலும் மருந்து ஏற்றுவது மார்ச்சில் தொடங்க வேண்டும், ஆறு தடவை. நீண்ட வேலை. என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். நான் குறை சொல்லவில்லை.

15 பிப்ரவரி, ஞாயிறு

நட்டாலம், மாலை. கோயில் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிலும் ஏறவில்லை.

திற்பரப்பு கழிந்து ஏற்றத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. தள்ளிக்கொண்டு போனேன். திருநந்திக்கரை தாண்டி, அதே ரப்பர் தோட்டத்து ரோடு. அதே இடம். மஞ்சள் வேட்டிக்காரர்கள் கோவிந்தா கோபாலா என்று தாண்டி ஓடுகிறார்கள். பின்னாலிருந்து ஹாரன். ராஜையன் ஜீப். ஏறுகியளா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏற மாட்டேன், அன்றைக்கு ஏறினது நான்தான் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, பொன்மனை வரை ஜீப்பை என் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

16 பிப்ரவரி, திங்கள்

பேச்சிப்பாறை 39. பெருஞ்சாணி 60.

நேற்று நான் வந்து சேர்ந்தபோது அவள் தூங்கிவிட்டாள். காலையில் பன்னிரண்டு பொட்டலங்களையும் கட்டிலில் அவள் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் கோயில் பெயர் என் கையெழுத்தில். வலது கையால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினாள். திருமலை, திக்குறிச்சி என்று பெயரை வாசித்து வாசித்து எண்ணினாள். எண்ணி முடித்துத் திரும்பவும் எண்ணினாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பொன்மனை பொட்டலத்தை எடுத்தாள். ஒரு கையால் பிரிக்க முடியவில்லை. நான் பிரித்துக் கொடுத்தேன். அவள் நெற்றியில் இட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"வேட்டிய தூக்குங்க" என்றாள்.

முட்டி பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. அதில் திருநீற்றைப் பூசினாள். அழுத்திப் பூசினாள்.

வலிக்கா என்று கேட்டாள். ஆமா, ரொம்ப வலிக்கி என்றேன்.