நாற்பத்தொரு பேரின் பாட்டு

மார்ச் 4
ஆல்பம் வெளிவந்து ஐந்து நாள். ஏழு பாட்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. எல்லோரும் பிடித்துக்கொண்டது எட்டாவதை. போன வருஷம் ஆஸ்பத்திரி வேலைநிறுத்தத்தில் முப்பது நாள் வாசலில் உட்கார்ந்த துப்புரவுப் பெண்கள் நாற்பத்தொரு பேரை விட்டுவிட்டு, நான் மேடைமேடையாகப் பாடிவந்த சங்கமே ஒப்பந்தம் போட்டது. அதைப் பாடியிருக்கிறேன். கையெழுத்துப் போட்ட செயலாளர் என் அண்ணன்.

"நீங்க பாடினதுலயே உண்மையான பாட்டு இதுதான்" என்று ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழேயே இன்னொருவர்: "உண்ட வீட்டுக்கு ரெண்டகம்."

மார்ச் 6
டோலக் வாசிக்கும் மொட்டை வந்தான். பதினோரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். இன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வீட்டுச் சண்டையைத் தெருவுல வைக்கலாமாக்கா?"

"நீயும்தானேடா வாசிச்சே?"

"நான் தாளத்தைத்தான் கேட்டேன். வார்த்தையைக் கேக்கல."

சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. இனி வரமாட்டானாம்.

மார்ச் 7
அண்ணனுக்கு ஒன்பது தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 10
இதைவிடக் கேவலம் வேண்டாம். ஆஸ்பத்திரி நிர்வாகம் என் பாட்டில் இரண்டு வரியை எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது: 'சங்கத்தைப் பற்றிச் சங்கத்தின் பாடகியே சொல்வது'. யாரை எதிர்த்து இருபது வருஷம் தொண்டை கிழியப் பாடினேனோ, அவர்கள் என்னைக் கொண்டாடுகிறார்கள். ஐயோ, என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்?

அண்ணி கூப்பிட்டாள். "உங்கண்ணன் சரியா சாப்பிடறதில்ல. நீ நல்லா இரும்மா." வைத்துவிட்டாள்.

மார்ச் 13
பாட்டை எடுத்துவிடலாமா? எடுத்தால் சொன்னது பொய் என்றாகும். விட்டால் —
எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 14
அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தி, பிரசவ வார்டைக் கூட்டித் துடைப்பவள், வீட்டுக்கே வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என்ன கர்வம்!

"எங்களைப் பத்திப் பாடினீங்களே, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? 'நாதியத்தவங்க'ன்னு பாடியிருக்கீங்க. சூப்பர்வைசர் இப்ப அப்படித்தான் கூப்பிடறான்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். சங்கத்துக்கும் ஆகாதவள், இவங்களுக்கும் ஆகாதவள். அப்ப யாருக்காகத்தான் பாடினேன்?

மார்ச் 15
பாடிப் பார்த்தேன், 'நாதியத்தவங்க' வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 17
அந்தப் பிரசவ வார்டுக்காரி வேலை முடியும் நேரம் பார்த்து ஆஸ்பத்திரிப் பின்வாசலில் நின்றேன். "அந்த இடத்துல என்ன வார்த்தை வரணும்னு நீங்களே சொல்லுங்க."

முறைத்தாள். "நான் ஒருத்தி சொல்ல முடியாது. எல்லாரையும் கேக்கணும்."

சுருக்கென்றது.

மார்ச் 20
அண்ணனைச் சங்க ஆபீஸ் மாடிப்படியில் மறித்தேன். இளைத்திருக்கிறார்.

"அன்னிக்குக் கையெழுத்துப் போடலேன்னா இருநூறு பேருக்கு வேலை போயிருக்கும். அதுக்கும் ஒரு வரி பாடியிருக்கலாம்ல?"

எனக்கு அது தெரியும், எழுதும்போதே தெரியும். எதுகை சரியாக வரவில்லை என்று விட்டேன். படியில் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன்.

மார்ச் 28
ஒப்பந்தத்தில் தங்களையும் சேர்க்கச் சொல்லி நாற்பத்தொரு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கொடி இல்லை, மைக் இல்லை. பாட்டு இருந்தது. 'நாதியத்தவங்க' இருந்த இடத்தில் அவர்களே கூடிப் பேசிப் போட்ட 'நாங்களே கேக்க வந்தோம்'. மெட்டு கண்டபடி இழுக்கிறது. என்னை யாரும் பாடச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். புது வரியில் தடுமாறினேன், பக்கத்திலிருந்தவள் சொல்லிக்கொடுத்தாள்.

அண்ணன் எதிர்ச்சாரியில் நின்றார். கிட்டே வரவில்லை. போகவும் இல்லை.