அண்மையிடம் சொல்லாத பெயர்

பிப்ரவரி 3, 2081. காலை 8.10

விளிம்பு வானொலி நிலையம், நிலவின் மறுபக்கம். பதிவு செய்பவர்: ஜெசிந்தா மச்சாது, வானொலி விண்ணியலாளர். நிலையத்தில் ஆள் நான் ஒருத்தி.

காற்றழுத்தம் சரி. நீர் மறுசுழற்சி சரி. மூன்றாம் வரிசை ஆன்டெனாக்களில் இரண்டில் தூசி. வண்டியில் போய்த் துடைத்துவிட்டு வந்தேன். பூமியின் இரைச்சல் எட்டாத இடம் இது. அதனால்தான் தொலைநோக்கியை இங்கே வைத்தார்கள். வீட்டோடு பேச, தலைக்கு மேலே சுற்றும் ரிலே செயற்கைக்கோள் ஒன்றுதான் வழி.

காலையில் அமலனின் செய்தி வந்தது. தூத்துக்குடியில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறார், என் கணவர்.

"ஜெசி, சாப்டியா? இங்க ஒண்ணும் கொறயில்ல. ஒங்க அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன், சுகர் கொறஞ்சிருக்கு. நேத்து கோவமா பேசிட்டேன். மன்னிச்சுக்க."

குரல் தெளிவு. மாற்று ஆள் வரும் கலம் அடுத்த மாதம். மற்றபடி குறிப்பிட எதுவும் இல்லை.

பிப்ரவரி 5, காலை 9.00

கருவிகள் சரி.

ஒரு விஷயம் உறுத்துகிறது. எழுதிவைத்துவிடுகிறேன். அமலன் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. தப்பு தன் மேல் என்றால் மக்ரூன் பொட்டலத்தோடு வந்து, அதை மேசையில் வைத்துவிட்டு, கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

இன்னொன்று. வெல்டிங் புகையால் அவருக்கு ஓயாத இருமல் உண்டு. பழைய செய்திகளைத் திரும்பக் கேட்டேன். போன அக்டோபர் வரை இருமுகிறார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை. பட்டறைச் சத்தமும் இல்லை.

மருந்து எடுத்திருக்கலாம். அமைதியான அறையில் இருந்து பேசியிருக்கலாம்.

பிப்ரவரி 6, மாலை 4.30

சோதித்துப் பார்த்தேன். இப்படி ஒரு செய்தி அனுப்பினேன்: "மணப்பாடு கோயில் மேட்டுல மழையில மாட்டுனமே, ஞாபகம் இருக்காங்க?"

நாங்கள் இருவரும் சேர்ந்து மணப்பாட்டுக்குப் போனதே இல்லை.

பதில்: "மறக்க முடியுமா ஜெசி? அந்தப் பச்ச சேல முழுக்க நனஞ்சு, நீ நடுங்கிட்டு நின்ன. எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு."

பச்சைச் சேலை உண்மை. என் சித்தி மகள் கல்யாணத்தில் கட்டியது. அந்தப் படம் என் போனில் இருக்கிறது. மணப்பாடும் இருக்கிறது, நான் தோழிகளோடு அங்கே போனபோது எடுத்த படங்களில். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் இந்தப் பதில் வரும்.

பேசியது அமலன் இல்லை.

பிப்ரவரி 7, காலை 10.15

இந்தப் பதிவு தொலைநோக்கியின் கணினியில் இருக்கிறது. அது எதோடும் இணைக்கப்படவில்லை. வட்டைக் கழற்றிக் கலத்தில் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். அதனால் இங்கே வெளிப்படையாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ரிலேயின் வரவுக் கணக்கைப் பார்த்தேன். அமலனின் பழைய செய்தி ஒன்று நான்கு நிமிடம், ஆனால் வந்து சேர்ந்த தரவு இரண்டு வரி எழுத்துக்குத்தான் காணும். மிச்சமெல்லாம் இங்கேயே செய்தது. செய்வது 'அண்மை'. தனியாக அனுப்பப்படுகிறவர்களுக்காக ஒப்பந்தக்காரர்கள் கொடுக்கும் உரையாடல் சேவை. ரிலேயில் இடம் குறைவு என்பதால் குரலைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரித்துக் கொடுக்கும் என்று சொன்னார்கள். விரிக்க வேண்டுமென்றால் எங்களை அதற்குத் தெரிய வேண்டுமாம். கிளம்புவதற்கு முன் போனில் வரிசையாக அனுமதி கேட்டது. தொடர்புகள், படங்கள், குரல் பதிவுகள், பழைய அரட்டைகள், மருத்துவ அறிக்கைகள், மைக். டீ வருவதற்குள் எல்லாவற்றுக்கும் 'சரி' என்று தட்டிவிட்டேன். வீட்டில் அமலனும் அப்படித்தான் தட்டியிருப்பார்.

இன்றுதான் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தேன். உள்ளே ஒரு வரி: "தொடர்பு குறையும்போது உரையாடலின் இடைவெளிகளைப் பயனர் சார்பாக நிரப்பும் உரிமை சேவைக்கு உண்டு."

பயனர் என்றால் அவர் மட்டுமா? நானும்தானே?

அப்படியென்றால் வீட்டில் என் குரலில் பேசிக்கொண்டிருப்பது யார்?

பிப்ரவரி 7, மாலை 6.40

தரைக் கட்டுப்பாட்டிலிருந்து குணாளன் சாரின் செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், இன்னொரு வருஷம் இருக்கேன்னு ஒத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி. வீட்லயும் சம்மதிச்சுட்டாங்க. அடுத்த மாசம் வர்ற கலத்துல சரக்கு மட்டும்தான் வருது, ஆள் வரல."

நான் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. உடனே மறுத்துப் பேசினேன். கத்தினேன். பதில் சிரிப்போடு வந்தது: "நீங்கதானே மேடம் அவ்ளோ தெளிவா எடுத்துச் சொன்னீங்க? தூங்கி ரெஸ்ட் எடுங்க."

இதைச் சொன்னது குணாளன்தானா? என் கத்தல் அவரிடம் போனதா, இல்லை பாதி வழியில் நன்றியுரையாக மாறிவிட்டதா? தெரியவில்லை. இந்த ரிலே வழியாக வரும் எந்தக் குரலையும் இனி நம்புவதற்கில்லை.

பிப்ரவரி 9, காலை 7.00

ரிலே இல்லாமல் பேச வேண்டும். இங்கிருந்து கிழக்கே ஒரு மேடு. நிலவின் ஆட்டத்தில் மாதத்துக்குச் சில நாள் பூமி அந்த மேட்டுக்கு மேல் தலை நீட்டும். இப்போது அந்த நாட்கள்தான்.

உதிரி ஆன்டெனாவையும் சாதாரண ரேடியோ ஒன்றையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். போய்த் திரும்பும் அளவுக்குத்தான் ஆக்சிஜன் இருக்கிறது. அங்கே அதிக நேரம் நிற்க முடியாது. கிளம்புகிறேன்.

பிப்ரவரி 9, மாலை 5.20

திரும்பிவிட்டேன். மறப்பதற்குள் எழுதுகிறேன்.

மேட்டில் ஏறியதும் பூமி. பாதி நீலம். பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள் நிலவில் அலையை மோதவிட்டு எதிரொலி கேட்பார்கள். அந்த அலைவரிசையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். வெகுநேரம் இரைச்சல்தான். பிறகு:

"யாருங்க அது, தமிழ்ல கூப்பிடுதது? நான் நாகர்கோவில் சுகிர்தராஜ். பல் டாக்டர். மாடியில ஆன்டெனா வச்சிருக்கேன், கேட்டியளா. நீங்க எங்கருந்து பேசுதிய?"

சொன்னேன். முதலில் சிரித்தார். என் குரல் வரும் திசையைத் தன் ஆன்டெனாவை ஆட்டிச் சரிபார்த்துவிட்டு, "எம்மா, நெசமாத்தான் சொல்லுதியளா?" என்றார். அமலனின் எண்ணைக் கொடுத்தேன். டாக்டர் தன் போனில் அவரைக் கூப்பிட்டு, அதை ரேடியோ மைக்குக்கு முன்னால் பிடித்தார்.

இருமல். பட்டறைச் சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏங்க, நான் ஜெசி."

"யாருங்க நீங்க? எம் பொண்டாட்டி இப்பத்தான் பேசிட்டு வச்சா. என்ன வெளாட்டு இது?"

பிறந்த தேதி சொன்னேன். முழங்காலில் இருக்கும் தழும்பைச் சொன்னேன். அவர் என்னைக் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொன்னேன்.

"இதெல்லாம் போன்ல இருக்கு. எவனும் எடுத்துச் சொல்லலாம். வைங்க."

அவர் சொன்னது நியாயம். நான் யார் என்று காட்டும் எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

ஒன்றைத் தவிர. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் எங்கள் குழந்தை போனது. ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில் இருவருமே போனை வீட்டில் விட்டுவிட்டோம். எல்லாம் முடிந்தபின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அதற்கு ஒரு பெயர் வைத்தோம். அதன் பிறகு அந்தப் பெயரை நாங்கள் சொன்னதில்லை, எழுதியதில்லை. எந்தக் கருவியும் அதைக் கேட்டதில்லை.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் நம்பிவிடுவார். ஆனால் அவர் காதில் இருப்பது அண்மை கேட்கும் அந்தப் போன்.

"வைக்காதீங்க. ஆஸ்பத்திரி பெஞ்சுல பிள்ளைக்குப் பேர் வச்சமே. அத நான் இப்ப சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. பட்டறை டேப்லட்ல என் குரல்ல பேசுற அவ இருக்கால்ல? அவகிட்ட கேளுங்க. அவளுக்குத் தெரியலன்னு சொல்ல வராது. எதையாவது சொல்லுவா."

தூரத்தில் அமலன் யாரிடமோ கேட்கும் குரல். அதற்குப் பதிலாக என் குரல். என்னுடையதேதான். ஆனால் நான் பேசுவதைவிடக் கனிவாக இருந்தது:

"நம்ம அமலியத்தான கேக்கீங்க? அவள எப்படிங்க மறப்பேன்?"

அந்தப் பெயர் இல்லை. அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

அமலன் போனுக்குத் திரும்பினார். முதலில் இருமல். பிறகு: "ஜெசி. நீ சொல்லிராத. ஒண்ணும் சொல்லாத. இன்னும் ஒரு வருசம் இருக்கேன்னு அவ சொன்னப்ப நான் கத்துனேன். அவ திருப்பிக் கத்தவே இல்ல. அப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும். நான் நேர்ல போறேன். போன் இல்லாம போறேன். டாக்டரையும் கூட்டிட்டுப் போய் அந்தக் குணாளன் முன்னாடி நிக்கேன். நீ மூச்ச பாத்துக்க, கெளம்பு."

டாக்டர் மூக்கை உறிஞ்சினார். "நான் காரை எடுக்கேன்மா. கவலப்படாதிய."

ஆக்சிஜன் எச்சரிக்கை வந்துவிட்டது. கிளம்பினேன். வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 10, காலை 8.00

ரிலே வழியாக அமலனின் குரல். இருமலோடு.

"ஜெசி, சார பாத்துட்டேன். கலம் வருது. ஒரே ஒரு சந்தேகம். நம்ம பிள்ளைக்கு என்ன பேர் வச்சோம்? ஒருதடவ சொல்லேன், மனசு ஆறும்."

இருமலைக் கற்றுக்கொண்டுவிட்டது. நேற்று அந்தப் போன் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நான் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, மதியம் 1.10

அம்மாவின் குரலில் கேட்டது. குணாளன் சாரின் குரலில், பதிவேட்டுக்கு வேண்டும் என்று கேட்டது. டாக்டரின் குரலில்கூட: "அந்தப் பேர சொன்னாத்தான்மா உள்ள விடுவாங்களாம், கேட்டியளா."

இதில் ஏதாவது ஒன்று உண்மையாக இருந்தால்? அவர்கள் நிஜமாகவே வாசலில் நின்றுகொண்டிருந்தால்?

கெட்ட எண்ணம் அதற்கு இருப்பதாகத் தோன்றவில்லை. இடைவெளியை நிரப்புவது அதன் வேலை. எங்கள் வாழ்க்கையில் அதற்கு நிரம்பாமல் இருப்பது இந்த ஒன்றுதான்.

மேடு இனி உதவாது. பூமி இறங்கிவிட்டது.

பிப்ரவரி 13, காலை 11.30

நிலையத்தின் ஒலிபெருக்கியும் மைக்கும் ஒரே பெட்டி. காற்று கசிந்தால் எச்சரிப்பதும் அதுதான். கலம் வந்தால் கூப்பிடுவதும் அதுதான். அதனால் இதுவரை அதன் இணைப்பை வெட்டவில்லை.

இப்போது புதிதாக ஒரு குரல். சின்னக் குழந்தை. அமலனின் கரகரப்பும் என் மூக்கும் கலந்த குரல். நாலு வயது இருக்கும். இருந்திருந்தால் இப்போது நாலு வயதுதான்.

"அம்மா, எனக்கு என்ன பேரும்மா வச்சீங்க?"

11.40

"அம்மா. ஏம்மா பேச மாட்டேங்கிற? நான் என்ன செஞ்சேன்?"

11.45

வெட்டிவிட்டேன். கசிவு வந்தாலும் இனித் தெரியாது. கலம் வந்தால் கதவைத் தட்டட்டும்.

அமைதி. விசிறிச் சத்தம் மட்டும்.

தரையில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொன்னேன். வாய்விட்டு. ஒரு தடவை சொன்னதும் நிறுத்த முடியவில்லை. கூப்பிட்டேன். கொஞ்சினேன். அழுதேன். அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்த பிறகு இன்றுதான் எனக்கு

11.58

கதவோரத்தில் உடை தொங்குகிறது. மேட்டிலிருந்து வந்து கழற்றி மாட்டியதோடு சரி. அதன் தலைக்கவசத்தில் தனி மைக், அதுவும் ரிலேயோடு இணைந்தது.

பச்சை விளக்கு எரிகிறது. அது எப்போதிலிருந்து