எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடச் சொன்னார்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்தான். ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை.

நேற்று எங்கள் பரிசோதனைக்கூட மேலாளர் எல்லோரையும் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். "சூப்புல கறி, மீன் எதுவும் இல்லியே?" என்று பரிமாறியவரிடம் இரண்டு தடவை கேட்டேன். "சுத்தமான காய்கறிம்மா" என்றார். பாதி குடித்த பிறகு கரண்டியில் எலும்பு வந்தது. ஓட்டல் முதலாளியைக் கூப்பிட்டால், "ருசிக்குப் போட்டதுதான், எடுத்துப் போட்டுட்டு சாப்பிடுங்க" என்கிறார். மேஜையே சிரித்தது.

"இதுக்குப் போய் ஊரைக் கூட்டணுமா?" என்றார் மேலாளர்.

"பொய் சொன்னவரை விட்டுட்டு என்னைக் கேக்குறீங்களே, வெட்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பின்னாலேயே வந்தவர் எங்கள் துப்புரவு அக்கா மட்டும்தான். அவர் பால்கூடத் தொடமாட்டார். இருவரும் தெருத்தெருவாக அலைந்தோம். போன கடையிலெல்லாம் சைவம் என்று கேட்டால் வெறும் பச்சை இலைத் தட்டைத்தான் காட்டினார்கள். கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் தின்றோம். இங்கு வந்த பிறகு பேசிக்கொண்டே சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மேலாளர் இன்று முகம் கொடுக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அனுசரித்துப் போ என்று இனி எழுதாதீர்கள், அப்பா.

என் குக்கர் ஒரு ஆளுக்குத்தான் காணும். வீட்டிலிருக்கும் பெரிய குக்கரை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிட வருகிறார்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்