குடிக்காத வண்டிக்கு ஊற்றிய ஆயில்

மோகா,
நவம்பர் 14

அன்பு மகள் நவ்கிரணுக்கு, வாஹேகுருவின் கருணையால் இங்கே எருமைகள் உட்பட எல்லோரும் சுகம், உன் அப்பாவின் புத்தியைத் தவிர. கால்கரியில் பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் மோட்டார் சைக்கிளால் என் உயிர் போகிறது. இனி அங்கே வந்து ஓட்டப்போவதில்லை, விற்றுவிடுங்கள் என்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து, எட்டு வாரமாக உன் அப்பா உன்னோடு பேசுவதில்லை, உன் வண்டியோடுதான் குடித்தனம். விடிந்ததும் டிராக்டர் கொட்டகைக்குப் போவார், கிளப்பும் முன்பே அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பார், ஆயில் குறைஞ்சிருக்கு என்பார், ஊற்றுவார். மறுநாளும் அதே கதை. கிளப்பினால் நீலப் புகை, காயப்போட்ட துப்பட்டாவெல்லாம் ஆயில் நாற்றம். பக்கத்து வீட்டு குல்வந்த் சுவருக்கு மேல் தலையை நீட்டி, என்ன அண்ணி, வீட்டுக்குள்ளயே செங்கல் சூளை போட்டுட்டீங்களா என்கிறாள். இவரோ பிஸ்டன் தேய்ந்துபோச்சு, எஞ்சினைப் பிரிக்கணும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

போன செவ்வாய் நானே போய் மெக்கானிக் ஜக்தாரை இழுத்துவந்தேன். அவன் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திக் குச்சியைப் பார்த்தான். ஆயில் கோட்டுக்கு மேலே தளும்புகிறது! இந்தப் பழைய எஞ்சினில், வண்டி ராத்திரி நிற்கும்போது ஆயில் தொட்டியில் இருப்பது மெல்ல இறங்கி எஞ்சின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம், ஓடவிட்டால்தான் மேலே ஏறுமாம், அப்போதுதான் குச்சி சரியான அளவைக் காட்டுமாம். காற்று வடிகட்டியைத் திறந்தான், ஒரு டம்ளர் ஆயில் கொட்டியது. சர்தார்ஜி, வண்டி குடிக்கல, நீங்கதான் வாயைப் பிளந்து ஊத்துறீங்க, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு நெய் ஊத்த மாட்டாங்க என்று ஜக்தார் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதோடு விட்டாரா? இப்போது முறையாக ஓடவிட்டு, நிறுத்தி, பார்க்கிறார். சொட்டுக்கூடக் குறைவதில்லை. அப்புறம் எதுக்குத் தினமும் பாக்கறீங்க என்று இன்று காலை கத்திவிட்டேன். குச்சியைத் துடைத்துக்கொண்டே, அவ கேட்டா சொல்ல வேணாமா என்றார்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் அவரிடம் நீ முதலில் கேட்பது அதுதானே. இரண்டு பேருமே வீம்பு பிடித்து எட்டு ஞாயிறைத் தொலைத்துவிட்டீர்கள். நடுவில் நான் ஒருத்தி. எனக்கும் உன் நினைப்பு வருகிறது நவ்கிரண், நான் எந்தக் கொட்டகைக்குப் போவது?

வேளைக்குச் சாப்பிடு, நல்லா இரு, வாஹேகுரு உனக்குத் துணை நிற்கட்டும். வருவதும் வராததும் உன் இஷ்டம், நான் கேட்கமாட்டேன். ஆனால் இந்த ஞாயிறு மறக்காமல் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், அவருக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆயில் எவ்வளவு இருக்கு என்று மட்டும் கேள்.

உன் அம்மா,
பல்விந்தர் கௌர்