ரேஷ்மாவின் ஓர் எழுத்து

நூம்பல்,
வெள்ளிக்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் சந்தோஷுக்கும் நிஷாவுக்கும் நைனா எழுதுவது. நாங்கள் மூவரும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். சந்தோஷ், போனில் குழந்தை பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சென்னீர்குப்பம் கடையில் பைப் வியாபாரம் பரவாயில்லை. லாரி நிறுத்தத்தான் இடமில்லை. குழந்தை ரேஷ்மாவின் துணிகளை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்கிறாள் அம்மா. விட்டுவிட்டேன்.

குழந்தைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அருள்மொழியைப் போய்ப் பார்த்தேன். உங்கள் இருவரிடமிருந்தும் குழந்தைக்கு வந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்ததே, அதுதான் நோய் என்று ஏன் கடைசிவரை உறுதியாகச் சொல்லவில்லை என்று நேராகக் கேட்டேன். பொதுத் தரவுத்தளம் என்று இருக்கிறதாம். நம் பாஷையில், உலகத்து ஆராய்ச்சிக்காரர்களுக்கெல்லாம் பொதுவான கிடங்கு. அதில் தேடினார்களாம். அந்த மாற்றம் வேறு யாருக்கும் பதிவாகவில்லை. நம்ம பக்கத்து ஜனங்களுடையதே அதில் கொஞ்சம்தானாம். எதோடு ஒத்துப் பார்ப்பது என்றார்.

ரேஷ்மாவுடையதைச் சேர்க்க உங்கள் சம்மதம் வேண்டுமாம். பெயர், விலாசம் வெளியே போகாது. நீ முடியாது என்றுவிட்டாயாம்.

தங்கை கல்யாணத்தை நினைத்துத்தான் சொல்லியிருப்பாய். அத்தை பெண்ணைக் கட்டியதால் வந்த பரம்பரைச் சீக்கு என்று ஏற்கெனவே பேசுகிறார்கள். கவிப்பிரியாவிடமே கேட்டேன். "இதுக்கோசரம் என்னை வேணான்றவன் எனக்கு இன்னாத்துக்கு நைனா? என் பேரைச் சொல்லிகினு புள்ளையை மறைக்க வேணாம்னு அண்ணனாண்ட சொல்லு" என்று கத்தினாள். பிறகு உள்ளே போய் அழுதாள்.

சும்மா எதையும் தூக்கிக் கொடுக்கிறவன் இல்லை நான். இதில் நமக்கு வரவு கிடையாது, குழந்தை திரும்பி வரப்போவதும் இல்லை. ஆனால் யாராவது முதல் போணி செய்தால்தானே கடை நடக்கும்? அந்தப் போணி நம் குழந்தையால் ஆகவேண்டியிருக்கிறது. எழுதவே கை கூசுகிறது. ஒன்றை வைத்து எதுவும் முடிவாகாது என்றுதான் டாக்டரும் சொல்கிறார். இன்னொரு குழந்தைக்கு இதே மாற்றம் வந்தால், அந்த டாக்டருக்கு ஒத்துப் பார்க்க ஒன்று இருக்கும். நாம் தேடிப் போனபோது அங்கே யாருமில்லை. அடுத்து ஒரு தாய் வரும்போது ரேஷ்மா இருக்கட்டும்.

நிஷா, மாமனார் என்று நினைக்காதே, உன் தாய்மாமனாகக் கேட்கிறேன். நீ சரி என்றால் அவன் தட்டமாட்டான். வேண்டாம் என்றாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வார்த்தையை நீ வாய் திறந்து சொல்ல வேண்டும். குழந்தை போனதிலிருந்து உன் குரலை நாங்கள் கேட்கவில்லை அம்மா.

வேளைக்குச் சாப்பிடுங்கள். ஆளுக்கொரு மூலையில் அழாதீர்கள்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
அய்யாசாமி